ஏழு மணிச் செய்தி: ரெமாகமி ஏரிகளில் கார்மின் இன்ரீச் மினி 2

முதலில் அம்மாவின் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி எடுக்காத இடத்திலிருந்தும் செய்மதி வழியாக வீட்டோடு செய்தி பரிமாறும் இந்தச் சின்னக் கருவியை வாங்கியதே அந்தக் கேள்விக்காகத்தான். 2021 கோடையில் கனூ என்ற துடுப்புப் படகில் ஐந்து நாள் பயணம் முடித்து வந்து, கூடாரத்தை வீட்டுக்குப் பின்னால் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா படியில் இருந்தபடி கேட்டார்: "பிள்ளை, நீ அங்க செத்துக் கிடந்திருந்தாலும் நான் இஞ்ச சோறு வடிச்சுக்கொண்டுதானே இருந்திருப்பன்?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துக் கேட்டார். முதல் நாளே எனக்கு ஏதாவது நடந்திருந்தாலும் ஆறாம் நாள்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் பதில் இல்லை. அடுத்த கோடை தொடங்குமுன் இன்ரீச் மினி 2 வாங்கினேன். இப்போது நான்கு கோடை அதோடு போய் வந்திருக்கிறேன். வேகமும் வசதியும் எழுதுகிற மதிப்புரைகள் நிறைய இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு அது என்ன செய்கிறது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

நாங்கள் நான்கு பெண்கள், எல்லோரும் கனடாவில் ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவும் மார்க்கமும். ஒவ்வொரு ஆண்டும் ஓகஸ்ட் கடைசியில், பெரும்பாலும் ஏழு நாள் எடுத்துக்கொண்டு போவோம். தொடக்கத்தில் அல்கொன்கின் பூங்கா. பிறகு கை பழகியதும் ஒன்ராறியோவின் வடக்கே ஏரிகள் நிறைந்த ரெமாகமி. ஸ்காபரோவிலிருந்து நெடுஞ்சாலை 11 பிடித்து வடக்கே ஐந்தரை மணி நேர ஓட்டம். நோர்த் பே தாண்டி இன்னும் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். ரெமாகமி ஊரில் தொலைபேசி எடுக்கும். ஏரியில் இறங்கிக் கொஞ்சத் தூரம் வரைக்கும் ஒரு கோடு, அரைக் கோடு காட்டும். ஷார்ப் ரொக் குடாவைத் தாண்டி டயமண்ட் ஏரிக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை. அங்கிருந்து சின்னச் சின்ன ஏரிகள் வழியாக வக்கிமிக்கா ஏரி, வளைந்து வளைந்து போகும் வக்கிமிக்கா ஆறு, பிறகு ஒபாபிக்கா ஏரி, திரும்ப ரெமாகமி ஏரி. இதுதான் எங்கள் வழமையான சுற்று.

ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் கனூவைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். போர்ட்டேஜ் என்பார்கள். எங்கள் கனூ கெவ்லர், 20 கிலோதான். ஆனால் அதற்குப் பிறகு பைகளும் சாப்பாட்டு நீலப் பீப்பாயும் இருக்கின்றன. அந்தப் பாதைகள் நேற்று வெட்டியவை இல்லை. ரெமாகமியின் ஆதிக்குடிகளான அனிஷ்னாபே மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்து தேய்த்த தடங்கள். ஒபாபிக்காவில் கோடரி படாத பழைய பைன் காடு நிற்கிறது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க எங்களில் இரண்டு பேர் வேண்டும். அங்கே இரவில் லூன் பறவை கூப்பிடும்போது, வீட்டில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

அம்மாவுக்கு நான் தண்ணீரில் போவதே பிடிக்காது. காரணம் எனக்குத் தெரியும், நானும் அந்த வள்ளத்தில் இருந்தேன். 1992, எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போகக் கிளாலிக் கடல்நீரேரிதான் வழி என்றிருந்த காலம். இரவு, வெளிச்சம் இல்லை, பேச்சு இல்லை. அம்மா, நான், தங்கச்சி. கடற்படை சுட்ட கதைகளை எல்லோரும் கேட்டிருந்தோம். அப்பா கரையில் நின்றுவிட்டார். நாங்கள் மறுகரை சேர்ந்தது அப்பாவுக்குத் தெரியவர 16 நாள் ஆனது. அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. திரும்பி அந்தப் பக்கம் போன ஒருவரிடம் அம்மா ஒரு துண்டுக் காகிதம் கொடுத்துவிட்டார். அதில் "சேர்ந்திட்டம்" என்ற ஒரு சொல்லும், எங்கள் மூன்று பேரின் பெயரும். அப்பா சாகும்வரை அதைத் தன் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஆக, ஒரு செய்தி வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் நான் ஐந்து ஆண்டுகள் ஒன்றும் இல்லாமல் போய் வந்தேன். காட்டுக்குள் போவதே தொடர்பு அறுந்து இருப்பதற்குத்தான் என்று அப்போது நம்பினேன். அந்த ஏழு நாளும் அம்மா வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டார், வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார் என்பதை என் கணவர் பின்னர்தான் சொன்னார்.

இடையில் ஒரு முறை, 2019இல், செய்மதித் தொலைபேசி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். குரல் கேட்கலாம் என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. கடையில் தந்த பற்றரி பழையது, இரண்டாம் நாள் அழைப்போடு முடிந்தது. இரண்டு நாள் பேசிவிட்டு அடுத்த ஐந்து நாள் பேசாமல் இருந்தால், பேசாமலே போனதை விட அது மோசம். அதற்குப் பிறகு தோழி ஒருத்தியின் ஒருவழிக் கருவி. பொத்தானை அழுத்தினால் "நலம்" என்று ஒரு மின்னஞ்சல் போகும். போனதா இல்லையா என்று நமக்குத் தெரியாது, வீட்டிலிருந்து ஒன்றும் வராது. இரண்டும் எங்களுக்குச் சரிவரவில்லை.

சரி, இன்ரீச்.

கையளவுதான் இருக்கிறது, 100 கிராம். மேலே கட்டையான ஒரு அன்ரெனா. இரிடியம் நிறுவனத்தின் செய்மதிகள் வழியாகச் செய்தி அனுப்பும், வாங்கும். அந்தச் செய்மதிகள் 66, பூமிக்கு மேலே ஏறத்தாழ 780 கிலோமீற்றரில் துருவத்துக்குத் துருவம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடம். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. ஒரு செய்மதி நம் தலைக்கு மேலால் ஒரு சில நிமிடங்களில் கடந்துவிடும், உடனே இன்னொன்று வரும். செய்தி போகவில்லை என்று கருவியை ஆட்டி, தூக்கி, ஓடித் திரிய வேண்டியதில்லை. வானம் தெரிகிற ஒரு பாறையில் அன்ரெனாவை மேலே நிமிர்த்தி வைத்துவிட்டுத் தேநீர் போடுங்கள். தண்ணீர் கொதிக்குமுன் போய்விடும். பெரிய பைன்களுக்குக் கீழே, ஈர இலைகளுக்கு அடியில் என்றால் பத்து, இருபது நிமிடம்கூட ஆகும். ரெமாகமியில் கூடாரம் போடுகிற இடங்கள் பெரும்பாலும் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைகள் என்பதால் எங்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை.

கருவியிலேயே எழுதலாம், ஆனால் எழுதவேண்டாம். பொத்தானை மேலும் கீழும் அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்குவது குளிர்ந்த விரலுக்குப் பெரிய வேலை. தொலைபேசியைப் பறப்பு நிலையில் வைத்து, புளூரூத் மட்டும் திறந்து, செயலியில் எழுதினால் வழமையான குறுஞ்செய்தி மாதிரிதான். ஒரு செய்திக்கு 160 எழுத்து. நாங்கள் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதிக்கொள்கிறோம். குறுஞ்செய்திக் கணக்கில் தமிழ் எழுத்து கூடுதல் இடம் பிடிக்கும். தொலைபேசி பற்றரி செத்துப்போனால் கருவியின் சின்னத் திரையிலேயே வாசிக்கவும் அதுதான் வசதி. அம்மாவுக்கு அந்த எழுத்தை வாசிப்பது கடினம், பேரப்பிள்ளை உரத்து வாசிக்கும். பதிலும் அப்படித்தான், அம்மா சொல்லச் சொல்ல என் மூத்த மகள் தட்டுவாள். "கரடி வந்ததோ" என்பது நிரந்தரக் கேள்வி.

எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்தது, விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று. முன்கூட்டியே எழுதிவைக்கிற மூன்று செய்திகள். வீட்டிலிருந்தே, இணையத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, என்ன சொல், யார் யாருக்கு என்று எழுதிவைத்துக் கருவிக்கு ஏற்றிவிட வேண்டும். காட்டில் வைத்து மாற்ற முடியாது. அதனால் நன்றாக யோசித்து எழுதவேண்டும். பெட்டியைத் திறந்த அன்றே "எல்லாம் நலம்" என்று எழுதி முடித்துவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். எங்கள் மூன்றும் இவை. முதலாவது: "சேர்ந்திட்டம். நாலு பேரும் சுகம். இண்டைக்கு இனி நகரமாட்டம்." இரண்டாவது: "காற்று. இன்னொரு இரவு இங்கதான். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை." மூன்றாவது: "உதவி தேவையில்லை, ஆனா ஒரு நாள் பிந்தி வருவம்." நான் எடுத்த திட்டத்தில் இந்த மூன்றையும் எத்தனை முறை அனுப்பினாலும் கணக்கில் சேராது.

இரண்டாவது செய்திதான் அதிகம் உதவியது. பெரிய ஏரிகளில் பகலில் காற்று எழும்பினால் கனூவில் கடக்கக் கூடாது. ஒபாபிக்கா நீளமான ஏரி, காற்று ஒரு முனையிலிருந்து பிடித்தால் மறுமுனையில் அலை நெஞ்சு உயரம். கரையிலேயே ஒரு நாள் கிடக்க வேண்டியதுதான். அந்த நாட்களில், பிந்திவிட்டோமே, வீட்டில் தேடுவார்களே என்ற பதைப்பில்தான் ஆட்கள் துணிந்து ஏரியில் இறங்குகிறார்கள். எனக்கு அந்தப் பதைப்பு இப்போது இல்லை. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பாறையில் சாய்ந்து படுத்துக்கொள்கிறேன். உயிர் காக்கும் கருவி என்று இதைச் சொன்னால், நான் முதலில் நினைப்பது இந்தப் படுக்கையைத்தான்.

தொடக்கத்தில் ஒரு சின்னச் சிக்கல். செய்தி வீட்டுத் தொலைபேசிக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து வரும், கூடவே வரைபடத்துக்கு ஒரு இணைப்பும் இருக்கும். கனடாவில் இப்போது வருகிற மோசடிச் செய்திகளும் அதே சாயல். தங்கச்சி முதல் செய்தியை அழித்துவிட்டாள். ஆகவே போகுமுன் வீட்டு முற்றத்தில் நின்று எல்லோருக்கும் ஒரு ஒத்திகைச் செய்தி அனுப்பி, அந்த இலக்கத்தை என் பெயரில் சேமிக்கவைத்து, பதில் எழுதவும் வைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் கார்மின் மெசஞ்சர் செயலியைப் போட்டுக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இனித் தடம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நாம் நிற்கும் இடத்தைத் தானே அனுப்பும், வீட்டில் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எல்லோரும் இதைத்தான் முதலில் காட்டி மெச்சுவார்கள். எங்கள் வீட்டில் இதுதான் ஒரு இரவைப் பாழாக்கியது, அது முழுக்க என் தவறு.

2023, ஐந்தாம் நாள். மதியம் ஒரு சின்னத் தீவின் மறைவில் ஒதுங்கிச் சாப்பிட்டோம். பற்றரி மிச்சம் பிடிப்போம் என்று தடத்தை நிறுத்தினேன். நிறுத்துகிறேன் என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் தீவு நாலு மரமும் ஒரு பாறையும். மகளின் திரையில் இருந்த வரைபடத்தில் அது இல்லை. ஆகவே வீட்டில் பார்த்தவர்களுக்கு, என் புள்ளி மதியம் ஒன்றேகாலுக்கு ஏரியின் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. பிறகு நகரவே இல்லை.

ஒவ்வொரு நாளும் போல மாலை ஏழு மணிக்கு நான் "சேர்ந்திட்டம்" அனுப்பினேன். போய்விட்டது என்று கருவியும் காட்டியது. ஆனால் அந்த ஆண்டு நான் அதைக் கணவரின் இலக்கத்துக்கு மட்டும் போட்டுவைத்திருந்தேன். அவருக்கு அன்று இரவு வேலை, தொலைபேசி உடுப்புப் பெட்டிக்குள். விடிய ஆறு மணிக்குத்தான் பார்த்தார். அதுவரை அம்மா சாமியறை வாசலில் இருந்திருக்கிறார். விளக்கு அணைய அணைய எண்ணெய் விட்டபடி. மூத்தவள் கூடவே இருந்திருக்கிறாள், 12 வயது. ஒருவருக்கும் அழைக்கவேண்டாம், உன் அப்பாவை வேலையில் குழப்பவேண்டாம் என்று அம்மா அவளிடம் சொன்னாராம்.

இதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். மூன்று செய்தியும் இப்போது கணவர், தங்கச்சி, அம்மா மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் போகும். தடத்தை அரை மணிக்கு ஒரு முறை என்று தளர்த்தி, இணைப்பைக் கணவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். புள்ளி எதற்காக நின்றது, கருவி பைக்குள் போனதா, மரத்தடியா என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கக்கூடியவர் கையில்தான் அது இருக்கவேண்டும். தனக்கு ஒரு சொல் வந்தால் போதும் என்று அம்மாவே சொன்னார்.

கருவியை விட முக்கியமானது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காகிதம். அந்த இரவுக்குப் பிறகு நானும் கணவரும் மேசையில் இருந்து எழுதியது. ஏழு மணிச் செய்தி வராவிட்டால் அன்றிரவு யாரும் ஒன்றும் செய்யவேண்டாம். மரம், மழை, பற்றரி, மறதி எதுவும் காரணமாக இருக்கலாம். கணவர் மட்டும் "எங்கே" என்று ஒரு செய்தி போடுவார். மறுநாள் மதியம் வரை பதில் இல்லாவிட்டால் எங்களோடு வரும் மற்ற மூன்று பேரின் வீட்டுக்கும் அழைக்கவேண்டும். இரண்டாவது ஏழு மணியும் வெறுமையாகப் போனால் ஒன்ராறியோ மாகாணப் பொலிசுக்கு அழைக்கவேண்டும். உள்நாட்டு ஏரியிலும் காட்டிலும் காணாமற்போனவரைத் தேடுவது இங்கே அவர்களின் பொறுப்பு. அழைப்பவர் கையில் இருக்க வேண்டியவையும் அதே காகிதத்தில் உண்டு: கார் நிற்கும் இடம், இலக்கத் தகடு, இரண்டு கனூவின் நிறம், கூடாரத்தின் நிறம், ஒவ்வொரு இரவும் தங்க நினைத்த இடம், யாருக்கு என்ன மருந்து. இந்தக் காகிதத்தை எழுதாமல் கருவியை மட்டும் வாங்குகிறவர்கள், வீட்டில் இருப்பவர்களின் கவலையைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். செய்தி வரும் என்று பழக்கிவிட்ட பிறகு வராமற்போகிற ஒரு மாலை, முன்பிருந்த ஐந்து நாள் மௌனத்தை விடக் கனம்.

இருவழி என்றால் வீட்டிலிருந்தும் வரும். துடுப்பு வலிக்கப் போகிறவர்களில் பலருக்கு இது பிடிப்பதில்லை. எங்கள் நால்வரில் ஒருத்தி, வேண்டாம், நான் திரும்பிவந்து கேட்டுக்கொள்கிறேன் என்று இன்றும் சொல்வாள். அவள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எனக்கு வேண்டும். போன ஆண்டு வக்கிமிக்கா ஆற்றில் போய்க்கொண்டிருக்கும்போது கணவரிடமிருந்து வந்தது: "சின்னவன் சைக்கிளில விழுந்திட்டான். ஆஸ்பத்திரிக்குப் போறம்." அவ்வளவுதான். அவர் பதற்றத்தில் எழுதியது, நானும் பதற்றத்தில் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு வேகமாக வலித்தேன். பைக்குள் கிடந்ததால் அடுத்த செய்தி கூடாரம் போட்ட பிறகுதான் வந்து விழுந்தது. மணிக்கட்டில் சின்ன வெடிப்பு, மாக்கட்டு, ஐஸ்கிறீம் சாப்பிடுகிறான். நடுவில் மூன்று மணி நேரம். அந்த ஆறு எத்தனை வளைவு என்று அன்றுதான் எண்ணினேன்.

இப்போது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. கெட்ட செய்தி என்றால் ஒரே செய்தியில் மூன்றும் இருக்கவேண்டும்: என்ன நடந்தது, இப்போது எப்படி, நான் வரவேண்டுமா. 160 எழுத்து அதற்குத் தாராளம். மரணச் செய்தி என்றாலும் மறைக்கக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவுக்கு 86 வயது. நான் அங்கே ஏரிக்கரையில் இருந்து அழ வேண்டியதை ஒரு வாரம் கழித்து அழ எனக்கு விருப்பமில்லை.

நல்லதும் வரும். கணவர் மாலையில் மறுநாள் காற்றைப் பார்த்து அனுப்புவார், "விடிய வடமேற்கு, பத்து மணிக்கு மேல கூடும்" என்று. கருவியே வானிலை கேட்டு வாங்கும், ஆனால் நான் அவருடையதை நம்பித்தான் ஐந்தரைக்கு எழும்பித் துடுப்பை எடுக்கிறேன். வலிக்கத் தெரியாத மனிதர், என் பயணங்களுக்கு வரவே வராதவர், இப்போது அந்த ஏரிகளின் பெயரெல்லாம் சொல்லுகிறார்.

ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். பொத்தான் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் இருக்கிறது. அழுத்தினால் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கார்மின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். அவர்கள் உள்ளூர்ப் பொலிசுக்கோ மீட்புப் படைக்கோ சொல்லுவார்கள், நம்மோடும் எழுத்தில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் இதுவரை அழுத்தியதில்லை, ஆகவே மேலே ஒன்றும் சொல்லமாட்டேன். அவசரத் தொடர்புக்கு யார் பெயரைக் கொடுக்கிறீர்களோ அவரை மையம் தொடர்புகொள்ளும். பதறாமல் பேசக்கூடிய ஒருவரைக் கொடுங்கள். நான் தங்கச்சியைக் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி தாங்கும் என்ற தரம் இதற்கு உண்டு. மழைக்கும் தெறிப்புக்கும் பயமில்லை. ஆனால் மிதக்கும் என்று நம்பி வைக்கக்கூடாது. கனூ கவிழ்ந்தால் பை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். ஆகவே கருவி என் லைஃப் ஜக்கெற்றின் தோள்பட்டியில், கயிறு போட்டு முடிந்திருக்கும். அங்கே அன்ரெனா வானத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். பைக்குள் போட்ட அந்த ஒரு நாளோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

பற்றரி பத்து நிமிடத் தடத்தில் 14 நாள் வரை வரும் என்று நிறுவனம் சொல்கிறது. அரை மணித் தடமும் நாளுக்கு நாலைந்து செய்தியும் என்று ஏழு நாள் பாவித்து, வீட்டுக்கு வரும்போது எனக்குப் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். தொலைபேசிக்காகத்தான் ஒரு மேலதிகப் பற்றரி கொண்டுபோகிறேன்.

விலை லேசில்லை. 2022இல் வெளிவந்தபோது அமெரிக்க விலை 400 டொலர். இங்கே நான் வரியோடு 500 கனேடிய டொலருக்கு மேலே கொடுத்தேன். அதோடு மாதச் சந்தா. சந்தா ஓடாவிட்டால் எஸ்.ஓ.எஸ். உட்படச் செய்மதி வழியாகப் போகிற எதுவும் வேலை செய்யாது. பழசு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். நான் கோடையில் திறந்து, குளிர்காலத்தில் நிறுத்திவைக்கிறேன். திட்டங்களும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன, வாங்குகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நால்வரும் செலவைப் பிரித்துக்கொள்கிறோம். வெளிக்கிட முதல் நாள் மற்ற மூன்று வீட்டு இலக்கங்களையும் ஏற்றிவிடுவேன்.

ஐபோன் 14இலிருந்து தொலைபேசியே செய்மதிக்கு அவசரச் செய்தி அனுப்புகிறதே, இது எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரு இரவு, இரண்டு இரவு, நெடுஞ்சாலை 60க்கு அருகில் அல்கொன்கினில் தங்கிவருவதென்றால் அது போதும், புதிதாக ஒன்றும் வாங்கவேண்டாம். ஆனால் திறந்த வானத்துக்குக் கீழே நின்று தொலைபேசியைச் செய்மதியின் பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். அதே தொலைபேசிதான் வரைபடமும் கமராவும். கால் முறிந்து மழையில் கிடக்கும்போது எல்லாம் அந்த ஒரு பற்றரியில் தங்கியிருக்கும். ஏழு நாளுக்கு நான் அதை நம்பமாட்டேன். குரல் வேண்டும் என்பவர்களுக்கு கார்மினின் மெசஞ்சர் பிளஸ் இருக்கிறது, அதில் 30 விநாடி ஒலிச்செய்தியும் படமும் அனுப்பலாம். புதிதாக வாங்குவதென்றால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன். அந்த லூனை அம்மாவுக்குக் கேட்கவைத்திருக்கலாம்.

வீட்டில் வயதானவர் ஒருவர் காத்திருக்கிறார், அல்லது சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நீங்கள் மூன்று நாளுக்கு மேல் தொலைபேசி எடுக்காத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் மினி 2 மாதிரி இருவழிக் கருவி ஒன்றை வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

வருகிற ஓகஸ்டில் மிசினைபி ஆறு, மற்றீஸ் வரைக்கும். நீர்வீழ்ச்சிகளும் வேகநீரும் உள்ள ஆறு, இன்னும் மூன்று நாள் கூடுதல். காகிதத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு அம்மா வந்து மேசையில் இருந்து ஒரு திருத்தம் சொன்னார். வெள்ளிக்கிழமைச் செய்தி மட்டும் ஏழுக்கு வேண்டாம், எட்டரைக்கு அனுப்பு. ஏழு மணிக்கு அவர் கோயிலில் இருப்பாராம், பூசை நேரத்தில் தொலைபேசியை நிறுத்திவைக்க வேண்டுமாம்.